சோளக்கதிர் வேஷம்

"இன்னையோட உன் ஆட்டம் முடிஞ்சுது மச்சான்" என்று சொல்லிக்கொண்டே லாயிட் துப்பாக்கியில் குண்டுகளை ஒவ்வொன்றாக நிரப்பினான்.

டெல்பர்ட் அசையவில்லை. கையிலிருந்த சூரியகாந்தி விதையைக் கடித்து, தொலியைத் துப்பினான். "சீக்கிரம் சுடு மாப்ள. எங்கக்கா சுட்டுக் குடுத்தனுப்பின ஆப்பிள் பை வண்டியில கெட்டுப்போகுது."

அவன் அக்காதான் லாயிட்டின் மனைவி. மச்சானும் மாப்பிள்ளையும் ஓஹையோவில் தங்கள் ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில் சனிக்கிழமை தவறாமல் காகிதக் குறிகளைச் சுடுகிறவர்கள். இலையுதிர் காலப் போட்டியில் இவர்கள் இரண்டு பேரில் யார் தோற்கிறாரோ, அவர் ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் சோளக்கதிர் வேஷம் போட வேண்டும். மஞ்சள் துணியில் பஞ்சு அடைத்த ஆளுயரக் கதிர். முகத்துக்கு மட்டும் ஓர் ஓட்டை.

ஆறு வருஷமாக லாயிட்தான் கதிர். போன வருஷம் அவன் வளர்த்த நாயே அவனைத் துரத்திக்கொண்டு வந்து குரைத்தது. இன்னொரு தடவை அதற்குள் நுழைவதற்குப் பதில் ஊரைவிட்டே போய்விடலாம் என்று அவன் தீர்மானித்திருந்தான்.

அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கம்பெனித் துப்பாக்கியை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் தன் கையால் இழைத்துப் பூட்டித் தருகிற அல்வின், இரண்டு துப்பாக்கிகளைச் செய்து அனுப்பியிருந்தார். ஒன்றுக்கு வால்நட் மரப் பிடி, விரலால் கொஞ்சம் அழுத்தி இழுக்க வேண்டிய விசை. மற்றதற்குக் கறுப்புப் பிடி, பூப்போல விசை.

"சுட்டுப் பாத்து ஆளுக்கொண்ணு எடுத்துக்கோங்க. எடுத்தப்புறம் மாத்தித் தரமாட்டேன், நீங்களும் மாத்திக்கக் கூடாது" என்பது அல்வினின் கண்டிப்பு. காசு சுண்டியதில் முதலில் எடுக்கும் உரிமை லாயிட்டுக்கு வந்திருந்தது. அவன் விட்டது டெல்பர்ட்டுக்கு.

வால்நட் பிடியில் லாயிட் ஐந்து குண்டு சுட்டு முடித்துவிட்டான். கைக்குழந்தை கஞ்சி குடித்த மாதிரி தாள் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டைகள். இப்போது புதுத் தாள் மாட்டிவிட்டு, கறுப்புப் பிடியைக் கையில் எடுத்திருந்தான்.

அடுத்த மேஜையில் தபால் ஆபீஸ் நடீன் அம்மாள். ஏணியிலிருந்து விழுந்து வலக்கையில் மாவுக்கட்டு. இடக்கையில் ஒரு பழைய துப்பாக்கி. அதில் போடும் குண்டென்னவோ லாயிட்டின் குண்டு அளவேதான், ஆனால் பிடி உடைந்து டேப் சுற்றியிருந்தது.

லாயிட் காதுமூடியை மாட்டிக்கொண்டு சுட்டான்; பக்கத்தில் நடீன் அம்மாளும் சுட்டார். கறுப்புப் பிடியின் விசையில் விரல் பட்டதுமே, அவன் நினைப்பதற்கு முன்னாலேயே துப்பாக்கி வெடித்தது. ஒவ்வொரு முறையும் அவனே திடுக்கிட்டான். உசத்தியான வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

தூரத்தில், குறிகளுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டின் உச்சியில் புழுதி எழும்பி எழும்பி அடங்கியது.

"யாரோ மேகத்தைச் சுடறாங்க போல" என்றான் டெல்பர்ட், சத்தம் ஓய்ந்ததும்.

லாயிட் பக்கத்து மாவுக்கட்டைக் கண்ணால் காட்டினான். "சும்மா இருடா. பாவம், கேட்டுடப் போகுது."

களத்துக் கண்காணிப்பாளர் விசில் ஊதினார். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். ஒற்றைக் கையால் குண்டை வெளியே எடுக்கத் திணறிய நடீனுக்கு உதவி செய்யக் கண்காணிப்பாளர் ஓடினார். மச்சானும் மாப்பிள்ளையும் முந்திக்கொண்டு குறிகளைப் பார்க்கப் போனார்கள்.

"வேஷத்தைச் சலவைக்குப் போட்டாச்சு மாப்ள. இடுப்புல இறுக்குதுன்னியே, பிரிச்சுத் தைக்கச் சொல்லட்டா?"

"உன் அளவுக்குத் தைக்கச் சொல்லு. தொந்திக்குக் கொஞ்சம் தாராளமா."

இப்படியே ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். குறித்தாள் தொங்கும் மரச்சட்டங்களின் தலையில் எழுதியிருந்த மேஜை நம்பர்களைக் குறி தவறியவர்கள் எப்போதோ சுட்டே சிதைத்துவிட்டிருந்தார்கள். லாயிட் தாளைப் பார்த்தான்.

நடு வட்டத்தில் ஐந்து ஓட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒரு கோழிமுட்டையை வைத்து மூடிவிடலாம்.

பக்கத்துச் சட்டத்தில் தொங்கிய தாளோ கடையில் வாங்கினபடியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"கறுப்புப் பிடி எனக்கு" என்றான் லாயிட்.

"நல்லா யோசிச்சுக்கோ மாப்ள. அப்புறம் வந்து அழக்கூடாது."

"யோசிக்க என்னடா இருக்கு? கையக் குடு."

கைகுலுக்கினார்கள். டெல்பர்ட் அந்த முட்டையளவு ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிப் போய், வால்நட் பிடியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். சூரியகாந்தி விதைகூட மேஜையிலேயே கிடந்தது.

லாயிட் தாளைக் கழற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டான். கூடத்தில் கல்யாணப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று ஓடியது மனசு.

அப்போதுதான் நடீன் அம்மாள் மெதுவாக வந்து சேர்ந்தார். கீறல் விழாத தாளையும் லாயிட்டையும் மாறிமாறிப் பார்த்தார். ஜெயித்தவனுக்கு இரக்கம் பொங்கியது.

"மனசைத் தளர விடாதீங்கம்மா. மூச்சை அடக்கி, விசையை மெதுவா அழுத்தணும், அவ்வளவுதான். கட்டைப் பிரிச்சதும் பாருங்க, ஒண்ணாவது தாள்ல பட்டுடும்."

அந்த அம்மாள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி, பக்கத்தில் தொங்கிய தாளைக் காட்டினார்.

"தம்பி, உங்களுது அது. என் தாளைக் குடுங்க."