நசுங்காத எலுமிச்சை

மூக்கண்டப்பள்ளிப் பட்டறையில் பூட்டிக் கிடந்த பிரஸ் மெஷினுக்குக் குங்குமம் வைத்து, முதல் அடியில் நசுங்கட்டும் என்று எலுமிச்சம்பழத்தையும் அடியில் வைத்துவிட்டு, கெம்பம்மா முதலாளி பூபதியின் முகத்தையே பார்க்கிறாள். இந்தப் பட்ஜெட்டில் வரி குறைந்தால்தான் மெஷின் ஓடும் என்று சொல்லியிருக்கிறார். டிவியில் நாடாளுமன்றம், கிழித்த காகிதங்கள் பறக்கின்றன. அந்தக் கூச்சலுக்குள்ளேயே நாட்டின் வரவு செலவுத் திட்டம் மொத்தமும் விவாதமில்லாமல் நிறைவேறிவிடுகிறது. உறுப்பினர்கள் எழுந்து போகிறார்கள். "நம்ம சமாச்சாரம் பேசினாங்களா மொதலாளி?" "யாரு சமாச்சாரமும் பேசலம்மா." பூபதி மெயின் சுவிட்சை இறக்குகிறார். தகரக் கூரையின் ஓட்டையில் இறங்கும் வெயில் மட்டும் மெஷின்மேல் மிச்சமிருக்கிறது. கெம்பம்மா குனிந்து, முழுசாகக் கிடக்கும் பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். ராத்திரி வெறும் சோற்றுக்குப் பிழிந்துகொள்ள ஆகும்.