எடுத்தவரின் சம்மதம்

பகல் வெயில் துணிக்கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கரீமின் கைவரை வந்துவிட்டது. அந்தக் கையில் மகள் ஜெபீனாவின் செல்போன். சிறுவர் கதைகள் எழுதிவந்த, போன வருஷம் இறந்துபோன தன் அம்மா ஷர்புன்னிசாவைப் பற்றி அவள் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் போட்ட அம்மாவின் படத்தை மட்டும், எடுத்தவரின் அனுமதி இல்லையென்று நீக்கிவிட்டார்கள். எடுத்தவர் கரீம்தான்; அவர் சம்மதிக்க வேண்டிய விதிகள் இப்போது படத்தோடு திரையில் இருக்கின்றன. “இன்னாம்மா போட்டுருக்கு?” “யாரு வேணாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், விக்கக்கூட செய்யலாம். குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது அத்தா.” திரையில் ஷர்புன்னிசா சிரிக்கிறாள், முக்காட்டை இழுக்கப்போன கை பாதி வழியில் மங்கலாக நிற்கிறது. வெளியே கச்சிராயப்பாளையம் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. சம்மதம் என்று போட்ட கட்டத்துக்கு மேலே கரீமின் கட்டைவிரல் தொடாமல் நிற்கிறது. “எடுக்காதீங்கன்னு சொல்லிக்கினேதான் இருந்தா. நான்தான் கேக்காம எடுத்துட்டேன். அவள கேக்கணும்னு எதுனா போட்டுருக்கா பாரு.” ஜெபீனா எட்டிக் குனிந்து விதிகளை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை தள்ளிப் பார்க்கிறாள். “இல்லத்தா. எடுத்தவங்களத்தான் கேக்கறாங்க.” திரை மங்குகிறது. அணைந்துவிடாமலிருக்க, கட்டத்தில் விரல் பட்டுவிடாமல், அவர் படத்திலிருக்கும் அந்த மங்கலான கையையே தொட்டுத் தொட்டு எடுக்கிறார்.