மனைவி பெயர்

பொண்டாட்டியைப் புதைக்க இடம் கேட்டு இருசப்பன் வந்து நின்றபோது, ராஜேந்திரன் கொடிக்கம்பத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எண்பத்திமூன்றாம் வருஷம், சுதந்திர தினத்துக்கு இன்னும் இரண்டே நாள்.

வேங்கிக்கால் போகிற வழியில் இருந்த அந்த மயானம் ஊர் மயானம் இல்லை. நாடு சுதந்திரம் அடைந்த இருபத்தைந்தாம் வருஷம், தியாகிகளுக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கும் என்று சர்க்கார் ஒதுக்கிக் கொடுத்த இடம். பதினொரு கல்லறை, சுற்றிலும் மதில், நடுவில் கொடி. பட்டாளத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்ற ராஜேந்திரன்தான் அதைப் பராமரிக்கும் பட்டாளத்துக்காரர் சங்கத்துக்குப் பத்து வருஷமாகச் செயலாளர். ஒரு காய்ந்த இலை கிடக்க விடமாட்டார். அவருக்கு அதில் கர்வம், இருக்கத்தானே செய்யும்.

இருசப்பன் என்றால் ஊருக்கே இளப்பம். பொண்டாட்டி வெள்ளையம்மாள் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலையை அவித்து, மல்லாட்டை மல்லாட்டை என்று கூவி விற்றுச் சம்பாதிப்பாள். இவன் வீட்டில் சோறு பொங்கி, குழம்பு வைத்து, தூக்குச்சட்டியில் அவளுக்கு எடுத்துக்கொண்டு போவான். புடவை ஒண்ணுதான் பாக்கி என்று டீக்கடையில் சிரிப்பார்கள். ராஜேந்திரனும் சிரித்திருக்கிறார்.

விடியற்காலையில் உயிர் போய்விட்டதாம். இங்கேதான் புதைக்க வேண்டும் என்பது அவளுடைய கடைசி ஆசையாம்.

ராஜேந்திரன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். செத்த வீட்டுக்காரனிடம் கோபப்படக் கூடாது என்று பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். இங்கே பொண்டாட்டிமார்களுக்கு இடம் கிடையாது. எல்லையில் செத்த தன் சொந்த அண்ணனுக்குப் பக்கத்தில் அண்ணிக்கு இடம் கேட்டார்கள், அதற்கே முடியாது என்று சொல்லிவிட்டவர் அவர்.

"இந்த எடம் சும்மா கெடைக்கிறதில்ல இருசப்பா. நாட்டுக்காகச் சண்டை போட்டிருக்கணும், இல்ல ஜெயில்ல இருந்திருக்கணும். நீ பட்டாளத்துக்குப் போனியா?"

"இல்லீங்க சார்."

"ஜெயிலுக்கு?"

"போலீஸ் ஸ்டேஷன் வாசப்படிகூட மிதிச்சதில்லீங்க."

"அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கற?"

இருசப்பன் இடத்தைவிட்டு அசையவில்லை. காகிதம் இருக்கிறது என்று சொல்லி, அக்குளில் இடுக்கியிருந்த தகரப் பெட்டியை எடுத்து நீட்டினான்.

ராஜேந்திரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பென்ஷனுக்காகப் பொய்க் காகிதம் தயார் பண்ணிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேரை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். சோறு பொங்குகிறவனும் தியாகியாகக் கிளம்பிவிட்டானே என்று நினைத்தபடியே பெட்டியைத் திறந்தார்.

மேலாக ஒரு பழைய போட்டோ. ரப்பர் மரங்களுக்கு முன்னால் வரிசையாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, தலையில் தொப்பி, தோளில் துப்பாக்கி. ஓரத்தில் நின்றவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும். அந்த முகத்தை அவர் பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்த்திருக்கிறார்.

போட்டோவுக்கு அடியில் மடிப்பு விட்டுப்போன அட்டை ஒன்று. ஐ.என்.ஏ., ஜான்சி ராணி படை. பெயர் வெள்ளையம்மாள். பதவி ஹவில்தார்.

"மலேயாவுல எஸ்டேட்டுல பொறந்தவ சார்," என்றான் இருசப்பன். "சண்டை முடிஞ்சி கப்பல்ல வந்தாங்க. துப்பாக்கி புடிச்ச பொண்ணுன்னா யாரு கட்டுவாங்கன்னு அவங்கப்பா இந்தப் பொட்டிய மூடிட்டாரு. கல்யாணத்துக்கு முந்தியே என்கிட்ட தெறந்து காட்டிட்டா. எனக்குப் பெருமையாதான் இருந்துச்சி."

பென்ஷனுக்கு எழுதிப் போடச் சொல்லி அவன் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறான். கூட இருந்த பெண்கள் பர்மா காட்டிலேயே செத்துப் போய்விட்டார்கள், அவர்கள் வாங்காததை நான் மட்டும் வாங்குவதா என்று அவள் கேட்டுவிட்டாளாம்.

"வருசத்துல ஒரு நாளு மட்டும் இங்க வந்து நிப்பா சார். அது போதும்னு சொல்லுவா."

அந்த ஒரு நாள் ராஜேந்திரனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் கேட்டுக்கு வெளியே மல்லாட்டைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கொடி ஏறி முடிகிற வரைக்கும் விறைப்பாக நிற்பாள். விழா நடக்கிற இடத்தில் வியாபாரம் பண்ணாதே என்று போன வருஷம் விரட்டியவர் இவர்தான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய், அங்கேயும் அதே மாதிரி நின்றாள்.

ராஜேந்திரன் கையில் அந்த அட்டையை வைத்துக்கொண்டே குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். நாயக்கைவிட ஹவில்தார் ஒரு படி மேல்.

"நீங்க வீட்டுக்குப் போங்கய்யா," என்றார். "சங்கத்துக்காரங்க எல்லாரும் யூனிபார்ம்ல வரோம். கொடியப் போத்தி நாங்களே தூக்கிக்கினு வரோம்."

போவதற்கு முன்னால் அடக்கத்துக்கான சங்கத்துப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. வீரர் பெயர், பதவி என்று இரண்டு வரியை எழுதிவிட்டார். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. 'மனைவி பெயர்' என்று அச்சடித்திருந்தது. இப்படி ஒருத்தி வருவாள் என்று அச்சடிக்கக் கொடுத்தபோது யாருக்குமே தோன்றவில்லை. அவமானத்தோடு அந்த வரியை அடிக்கப் போனார்.

இருசப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். டீக்கடையே சிரித்த அந்த மனுஷன், பட்டாளத்துக்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"அடிக்காதீங்க சார். அந்த எடத்துல என் பேரை எழுதுங்க. முப்பத்தாறு வருசமா ஹவில்தாருக்குச் சோறு பொங்கிப் போட்டவன் நான்தான்."