எட்டாவது குவியல்

கடல் தாண்டிப் போகும் ஒவ்வொரு கைமுறுக்குக்கும் அதைச் சுற்றியவர் பெயர் பதிவாக வேண்டும் என்று புதிய விதி வந்திருந்தது. ஒன்றுக்குப் பெயர் விட்டுப்போனாலும் மொத்தச் சரக்கும் நின்றுவிடும். சோதிக்க வந்த அதிகாரி, தாம்பாளங்களிலிருந்த முறுக்குகளைப் பாயில் கலந்து பரப்பி, அவரவர் சுற்றியதைப் பிரிக்கச் சொன்னார். முதலாளி வேதநாயகி பதறிப்போய்ப் பாயருகே வந்தாள். முறுக்குச் சுற்றும் ஏழு பெண்களோ சிரித்துக்கொண்டே குனிந்தார்கள்.

"இது என்னுது. நான் வாலை உள்ள மடிப்பேன்."

"நெருக்கிச் சுத்தினதெல்லாம் செண்பகத்தோடது."

கால் மணி நேரத்தில் ஏழு குவியல்கள் எழுந்தன. நடுவில் ஒன்று மட்டும் கோணலாக மிஞ்சியது. யாரும் அதைத் தொடவில்லை. அதிகாரி பேனாவை மூடினார்.

வேதநாயகிக்குக் காது சுட்டது. "உங்களுக்குக் கை வராதுக்கா, பெட்டியை மட்டும் கட்டுங்க" என்று பத்து வருடமாகக் கேலி செய்கிறவர்கள் இவர்கள்.

"காலையில யாரும் வர்றதுக்கு முன்னால நான் சுத்தினது" என்றாள், தரையைப் பார்த்தபடி.

செண்பகம் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு சுத்து வந்திருக்கேக்கா."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "பேரு சொல்லுங்கம்மா."

அதுவரை எல்லாக் காகிதத்திலும் முதலாளி என்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டவள், தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள், செண்பகம் அந்த ஒற்றை முறுக்கை எட்டாவது குவியலாக வைத்தாள்.