எடுக்கக் கூடாத கை

"என்ற புள்ளைய எதுக்குடி குத்தற?"

மாதையன் மஞ்சுளாவின் கொண்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். போர்வெல் வண்டியில் இரும்புக் குழாய் தூக்கிக் காய்த்த கை அது. கழுத்து பின்னால் மடங்கியும், கட்டிலில் கிடந்த பிள்ளையின் நெஞ்சில் பதித்த உள்ளங்கையை அவள் எடுக்கவில்லை.

"மூச்சு நின்னுருச்சுங்க. அமுக்குனாத்தான்..."

"பூபதி... உன்னையக் கொல்றாளேடா."

விலாவில் முழங்கை இறங்கியது. காற்றுப் பையை அழுத்திக்கொண்டிருந்த வின்சென்ட் அதைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒண்டினான். அடுத்த இழுப்பில் மஞ்சுளா ஆக்சிஜன் சிலிண்டரில் மோதித் தரையில் விழுந்தாள். கிழிந்த உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது.

"பொம்மை செத்துருச்சு. எந்திரிங்க," என்றார் பயிற்சி தரும் இசபெல்லா மேடம். மேல் முன்பல் ஒன்று இல்லாததால் அவருக்குச் சொல்லுக்குச் சொல் காற்று சீறும்.

குழந்தை உயிர்காக்கும் பயிற்சியில் தேறினால்தான் மஞ்சுளாவுக்கு அவசரப் பிரிவில் வேலை. தவறினால் மறுபடி மாத்திரை கொடுக்கும் ஜன்னல்தான். மிச்சம் இருப்பது ஒரே வாய்ப்பு.

"நடிக்க வந்த ஆளு நெசமாலுமே அடிக்கறாருங்க மேடம். இது லிடியா, ரெண்டு வயசுப் பொண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க? இவரு பூபதிங்கறாரு. நடிக்கத் தெரியல, அடிக்க மட்டும் தெரியுது."

மாதையன் தரையைப் பார்த்தபடி இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினார்.

"வார்டுல பெத்தவன் பாத்துப் பதனமாவா அடிப்பான்? நீங்க கை எடுத்தா புள்ள போயிரும். ஆரம்பிங்க."

இந்த முறை முதல் அடி முதுகில் விழுந்தது. மஞ்சுளா இடக்கையால் கட்டில் சட்டத்தை வளைத்துக்கொண்டாள். வலது உள்ளங்கை பொம்மையின் நெஞ்சில் விடாமல் இறங்கி ஏறியது. ஒரு கொத்து மயிர் பிய்ந்து போனது. குதிகாலால் பின்னுக்கு ஓங்கி ஓர் உதை விட்டாள். முட்டியில் பட்டு மாதையன் சரிந்தார்.

"வின்சென்ட்டு, பையப் புடிடா."

அவன் பிடித்தான். பொம்மையின் தலைமாட்டில் பச்சை விளக்கு எரிந்தது. பிழைத்துக்கொண்டது.

விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு மாதையன் குலுங்கினார். ஓர் உதைக்கா இந்த அழுகை என்று மஞ்சுளாவுக்குக் குழப்பம்.

"இந்த முரட்டு ஆள எங்கிருந்துங்க மேடம் புடிச்சீங்க?"

இசபெல்லா மேடம் ஓட்டை தெரியச் சிரித்தார்.

"நான் எங்க புடிச்சேன்? இவரு மகன் நெஞ்ச நான் அமுக்குனப்ப, இவருதான் என் கொண்டையப் புடிச்சாரு. பல்லுதான் போச்சு, பூபதி மூணாவது படிக்கறான்."