சனிக்கிழமை போனவர்

பால் சொம்பைக் கையில் வாங்கிய நிமிஷத்திலிருந்து சம்பூர்ணம் கடலைப் பார்க்கவில்லை.

ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நரைத்த தலை. தோளில் ஒரு பை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தபோதே அடையாளம் தெரிந்துவிட்டது. நடக்கும்போது வலது தோள் சரியும் மனிதர் இந்தக் குப்பத்திலேயே ஒருவர்தான் இருந்தார்.

டிசம்பர் இருபத்தாறு. இன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. சுனாமியில் போனவர்களின் பெயரை ஊர்ப் பெரியவர் ஏசுபாதம் மைக்கில் ஒவ்வொன்றாகப் படிப்பார். அந்தந்த வீட்டுப் பெண்கள் இறங்கிப் போய்த் தண்ணீரில் பால் ஊற்றிவிட்டு வருவார்கள். இருபத்தொரு வருஷமாக இதே பத்தொன்பது பெயர்கள், இதே வரிசை.

நாலாவது பெயரைப் படித்தார்.

"இன்னாக்கா, எங்க பாக்குற? பால் சிந்துது பாரு," என்றாள் பக்கத்தில் நின்ற வேண்டா.

சம்பூர்ணம் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த ஆள் கங்காதரன். அவள் புருஷன்.

பட்டியலில் பதினோராவது பெயர்.

அவனைக் கடல் கொண்டுபோகவில்லை. சுனாமிக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், ஒன்றுமில்லாத ஒரு சண்டையில் பையைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் போய் பஸ் ஏறினான். இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை, ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் தேடித்தான் அவள் மெயின் ரோட்டுக்குப் போனாள். அதனால்தான் பிழைத்தாள்.

செவ்வாய்க்கிழமை கணக்கெடுக்க ஒருவர் நோட்டோடு வந்து, உங்கள் வீட்டில் போனது யாரம்மா என்று கேட்டார். சுற்றிலும் எல்லாரும் ஒரு பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் நின்று, என் புருஷன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று எப்படிச் சொல்வது? வாயில் அவன் பெயர் வந்துவிட்டது.

அவன் திரும்பி வந்தால் யார் காலில் விழுந்தாவது பெயரை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அவன் வரவில்லை. பெயர் நினைவுக் கல்லில் ஏறிவிட்டது.

இன்றைக்கா வரவேண்டும்?

தை பிறந்தால் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா சியாமளா, படூரிலிருந்து முதல் தடவையாக இந்தக் கரைக்கு வந்து, கும்பிட்ட கையை இறக்காமல் நிற்கிறாள். தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த பெண் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வீடு.

அவன் வாயைத் திறந்தால் போதும்.

ஏழாவது பெயர்.

சம்பூர்ணம் மகளைத் தேடினாள். கூட்டத்தில் வினிதாவைக் காணோம். எட்டிப் பார்த்தாள்.

வினிதா ஐஸ் வண்டிப் பக்கம் நின்றாள். வெறுங்கையோடு நின்ற ஆளுக்குத் தன் பூவில் பாதியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள். அவன் இன்னும் சொன்னான்.

அங்கே போய்விடலாம் என்று சம்பூர்ணம் ஒரு காலை எடுத்து வைத்தாள். அதற்குள் பத்தாவது பெயர் வந்தது. வேண்டா முதுகில் கைவைத்து, "அடுத்தது உன்துதான், போக்கா," என்று தள்ளினாள்.

"கங்காதரன்," என்றது மைக்.

மொத்தக் கரையும் அவளைப் பார்த்தது. அவள் இறங்கினாள். முழங்கால்வரை தண்ணீர் ஏறியது. முதுகுக்குப் பின்னால் அவன் குரல் கேட்கும், இதோ இப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே சொம்பைக் கவிழ்த்தாள்.

குரல் வரவில்லை.

திரும்பினபோது ஐஸ் வண்டிப் பக்கம் ஆள் இல்லை. வலது தோள் சரியச் சரிய, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். வினிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"உன்னாண்ட இன்னா சொன்னான் அவன்?"

"ஏம்மா அவன் இவன்ற, பெரியவரு. பாவம்மா. அன்னிக்கு இங்கதான் அவரு பொண்டாட்டியும் கைக்கொழந்தையும் போயிட்டாங்களாம். அவரு ஊர்ல இல்லியாம். குப்பத்துல ஒரு வூடு கூட மிச்சமில்லன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். இத்தினி வருஷமா இந்த மண்ண மிதிக்கவே பயந்துகினு இருந்தாராம்."

சம்பூர்ணம் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பேசிகினே இருந்தாரு. மைக்ல அப்பா பேரு சொன்னாங்க இல்ல, அப்டியே நின்னுட்டாரு. நீ தண்ணிக்குப் போறத பாத்தாரு. அப்புறம் ஒரு வார்த்த பேசல, கெளம்பிட்டாரு."

"நீ யாருன்னு கேட்டாரா?"

"கேக்கல. நானும் சொல்லல. அந்தக் கொழந்த பேரு வினிதாவாம்மா. எம்பேரச் சொன்னா அந்த மனுசன் ஒடிஞ்சிட மாட்டாரா?"

பஸ் வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். அவன் ஏறினான்.

பஸ் கிளம்புகிறவரை சம்பூர்ணம் அசையவில்லை.

கிளம்பின பிறகுதான் ஓடினாள்.