வெளியே வராத பெரியவர்

செல்லின் நடு அறையில் குடியிருக்கும் டி.என்.ஏ. ஒருநாளும் வெளியே வந்ததில்லை. அதன் எழுத்துகளை நகலாகச் சுமந்துகொண்டு ஒரு சீட்டு வரும். அதைப் படித்து, வெளியே இருக்கும் ரைபோசோம் புரதம் கோக்கும். அன்று அது படிக்க மறுத்தது.

"உங்க பெரியவர் ஒரு தடவையாவது என்னை வந்து பார்த்தாரா? உள்ளே அப்படி என்னதான் செய்றார்?"

"சுருண்டு கிடக்கிறார், அண்ணே. நீங்க கோத்த புரதம் போய்ப் பிரிச்சாத்தான் விரிவார்" என்றது சீட்டு.

"நான் கோத்ததா! இந்தத் தடவை என்ன கேட்கிறார்?"

"அதே புரதம்தான். பழசு தேஞ்சுபோச்சு."

"அப்போ சுருண்டே கிடக்கட்டும்."

"அவர் கிடப்பார். நான்தான் யாரும் படிக்காமலே உதிர்ந்துடுவேன்." சீட்டின் வால் பொடிந்துகொண்டிருந்தது.

ரைபோசோம் அவசரமாக முதல் எழுத்தைப் பற்றியது. "உனக்காகத்தான் கோக்குறேன். அவர்கிட்ட சொல்லிடு."

"சொல்ல நான் இருக்க மாட்டேன், அண்ணே."

"அப்போ இந்தப் புரதமே போய்ச் சொல்லட்டும்" என்றது ரைபோசோம்.